பாடப்பொறுப்பு யாருடையது? தேவிகுளம் தோட்டப்பகுதி உயர்நிலைப்பள்ளி மாணவரை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

உயர்நிலைப்பள்ளி மாணவர் தமக்குரிய வீட்டுப்பாடம், பயிற்சி, செயல்திட்டம், தேர்வு நாள் ஆகியவற்றை நினைவிற்கொண்டு காலத்தே முடித்தல் யாருடைய பொறுப்பு என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்கு ஒரு சிறு வினாவாகவே தோன்றும். மாணவருடையது என்பர் ஆசிரியர் சிலர். பெற்றோருடையது என்பர் வேறு சிலர். பள்ளியுடையது என்பர் பெற்றோர். இம்மூன்று விடைகளும் பெற்றோர் எழுத்தறிந்தவராகவும், மாலையில் வீட்டில் இருப்பவராகவும், பள்ளியின் மொழியும் வீட்டின் மொழியும் ஒன்றாகவும் அமைந்த சூழலை முன்னரே எடுத்துக்கொண்டு சொல்லப்படுபவை. அச்சூழல் இல்லாதவிடத்து வினாவின் தன்மையே மாறிவிடுகிறது. ஒருவர்க்கு ஒன்றைப் பொறுப்பாக்குவதற்கு முன் நிறைவேறியிருக்க வேண்டியவை யாவை என்னும் அறவியல் வினாவாக அது விரிகிறது.

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் வட்டத்தில் வாழும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் உயர்நிலைப்பள்ளி மாணவரை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். புறநானூறு, திருக்குறள், நன்னூல் ஆகிய நூல்கள் கடமை, கல்வி ஆகியன குறித்துக் கொண்டுள்ள கருத்துகள் ஆய்வுக்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன. கல்வி தொடர்பான சட்டங்கள் ஒப்புநோக்கப்படுகின்றன.

சொல்லும் பொருளும்

தமிழில் இவ்வினாவை எழுப்பும்போது இரு சொற்கள் முன்னிற்கின்றன. ஒன்று கடன், மற்றொன்று பொறுப்பு. கடன் என்பது கடமையையும், திருப்பித் தரவேண்டிய பொருளையும் ஒருங்கே குறிக்கும் சொல். கடன் என்ற அளவிலேயே அது யாருக்கு உரியது என்னும் வினாவும் உடன் எழும். பொறு என்னும் வினையடியாகப் பிறந்த பொறுப்பு என்னும் சொல்லோ சுமத்தல், தாங்குதல் என்னும் பொருளை அடியாகக் கொண்டது. தாங்குவார்க்குத் தாங்கும் வலிமை வேண்டும் என்பது அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. வலிமையற்றார் தோளில் ஏற்றிய சுமை விழுமாயின், விழுந்ததற்குச் சுமந்தவர் மட்டுமே காரணர் ஆகார். ஏற்றியவர்க்கும் அதிற் பங்குண்டு.

இவ்வேறுபாட்டை மனங்கொண்டால் 'யார் பொறுப்பு?' என்னும் ஒற்றை வினாவுள் மூன்று வினாக்கள் கலந்திருத்தல் புலப்படும். பாடத்தைச் செய்பவர் யார் என்பது முதல் வினா. செய்யப்படாதபோது விடைசொல்லக் கடமைப்பட்டவர் யார் என்பது இரண்டாவது. அதனால் விளையும் இழப்பை அடைபவர் யார் என்பது மூன்றாவது. முதல் வினாவுக்கும் மூன்றாம் வினாவுக்கும் விடை எங்கும் மாணவரே. இரண்டாம் வினாவுக்கும் அவரையே விடையாக்கிவிடுவதில்தான் இச்சிக்கலின் வேர் உள்ளது.

தேவிகுளம்: களமும் சூழலும்

கண்ணன் தேவன் மலைகளில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டங்கள் தோன்றின. பூஞ்சாறு அரசரிடமிருந்து 1877இல் ஜான் டேனியல் மன்றோ பெற்ற நில உரிமை இதன் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. காடு திருத்தவும் தேயிலை நடவும் கொழுந்து பறிக்கவும் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாகத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மாநிலங்களைச் சீரமைக்க அமைக்கப்பட்ட ஆணையம் 1955இல் அளித்த அறிக்கையின்படி தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. அன்று முதல் தேவிகுளத் தமிழர் மொழிச்சிறுபான்மையினர் ஆயினர். 1972 சனவரி 26இல் இடுக்கி மாவட்டம் உருவானபோது இவ்வட்டம் அதனுள் அமைந்தது.

இங்குள்ள தொழிலாளர் குடும்பங்கள் 'லயம்' எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்கின்றன. வீடு தோட்ட நிர்வாகத்துக்குரியது. வேலை உள்ளவரை வீடு. ஓய்வுபெறுங்கால் வீட்டை விட்டு நீங்க வேண்டும். குடும்பத்தில் மற்றொருவர் தோட்ட வேலையில் இருந்தால் தங்க இயலும். ஆகவே பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவரின் கல்வி, அவருடைய எதிர்காலத்தை மட்டுமன்றிக் குடும்பத்தின் கூரையையும் தொட்டு நிற்கிறது. படிப்பு சிறந்தால் தோட்டத்துக்கு வெளியே ஒரு வாழ்வு. தவறினால் அதே லயத்தில் அதே கூடை. வீட்டுப்பாடக் குறிப்பேட்டின் ஒரு வெற்றுப்பக்கம் இங்குப் பெறும் கனம், நகரத்து நடுத்தரக் குடும்பத்தில் அது பெறும் கனத்தினும் பெரிது.

தாய் காலையிலேயே கொழுந்துக் காட்டுக்குச் செல்கிறார். மாலை எடை போட்டு முடித்து, மலைச்சரிவில் ஏறி வீடு சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். அதன்பின் அடுப்பு, விறகு, நீர். பல வீடுகளில் இவ்வேலைகளிற் பாதி மூத்த பெண்பிள்ளையின் கைக்கு வந்துவிடுகின்றன. பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருப்பின் பெற்றோர் அதைப் படிப்பிக்கப் பிள்ளையையே நாட வேண்டும். பிள்ளையின் பொறுப்பின்மையைக் குறித்த செய்தியைப் பெற்றோர்க்குப் படித்துச் சொல்லும் பொறுப்பும் பிள்ளைக்கே உரியதாகும் முரண் இங்கு நேர்கிறது. வட்டவடை, காந்தளூர் போன்ற வேளாண் ஊர்களிலும், 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைக்கப்பட்ட இடமலைக்குடியின் முதுவர் குடிகளிலும் இச்சூழல் வேறு வடிவங்களில் நிலவுகிறது. இடமலைக்குடிப் பிள்ளைகள் உயர்நிலைக் கல்விக்கு வீட்டைப் பிரிந்து விடுதிகளிற் தங்க நேர்வதால், அங்குப் பெற்றோர் மேற்பார்வை என்பதற்கே இடமில்லை.

கொரோனாக் காலம் இந்நிலையை வெளிச்சமிட்டது. 2020 சூன் 1 அன்று கேரள அரசு விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக 'பர்ஸ்ட் பெல்' வகுப்புகளைத் தொடங்கியது. பள்ளி வீட்டுக்குள் வந்தது. வருகைப்பதிவு, கேட்டல், எழுதுதல், அனுப்புதல் ஆகிய அனைத்தும் மாணவர் தலையில் விழுந்தன. கைப்பேசி அலைவரிசை எட்டாத மலைமடிப்புகளில் ஒரு பயிற்சியை அனுப்பவே மேட்டை நோக்கி நடக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு இராசமலைப் பெட்டிமுடியில் மண்சரிந்து லயங்கள் புதைந்தபோது 70 பேர் இறந்தனர். இறந்தோரில் பள்ளி மாணவரும் அடங்குவர். எந்த வீட்டை வகுப்பறையாகக் கொள்ளுமாறு மாணவரிடம் கூறப்பட்டதோ, அந்த வீடு எத்தகையது என்பதை அந்நிகழ்வு நாடறியச் செய்தது.

சட்டம் வகுக்கும் பொறுப்பு

பொறுப்பைப் பகுத்தளிப்பதிற் சட்டம் காட்டும் நெறி நோக்கத்தக்கது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் 6 முதல் 12 அகவை வரையிலான தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருப்பின், அவர்க்குக் கல்வி வசதி செய்துதருமாறு முதலாளியைப் பணிக்கும் விதிகளை மாநில அரசு இயற்ற வழிசெய்தது. முதலாளியின் கடன் இங்குப் பன்னிரண்டாம் அகவையோடு முடிவுற்றது.

2002இல் நிறைவேறிய 86ஆம் அரசமைப்புத் திருத்தம் 6 முதல் 14 அகவை வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியதோடு, அவ்வகவைப் பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பளித்தலைப் பெற்றோர் அல்லது காப்பாளரின் அடிப்படைக் கடமையாகவும் ஆக்கியது. 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இதனை மேலும் விளக்குகிறது. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளை தக்க கல்வி பெறச் செய்யும் கடமையைப் பெற்றோர் மீதே நேரே வைக்கிறது. இந்தியச் சட்டமோ 'கட்டாயக் கல்வி' என்பதிலுள்ள கட்டாயத்தை அரசின் மீது வைக்கிறது. சேர்க்கை, வருகை, படிப்பு நிறைவு ஆகிய மூன்றையும் உறுதிசெய்தல் அரசின் கடன் என்கிறது. அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் கணித்து வேண்டுமளவு கூடுதலாகக் கற்பித்தலும், பெற்றோரை முறையாகச் சந்தித்து வருகை, கற்கும் ஆற்றல், முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துரைத்தலும் ஆசிரியரின் கடமைகள் என வரையறுக்கிறது. பிள்ளையின் படிப்பு நிலையைப் பெற்றோர் கேட்டறிய வேண்டும் என்று சட்டம் விட்டுவிடவில்லை. ஆசிரியரே சென்று சொல்ல வேண்டும் என்கிறது.

ஆயின் இக்கடமைகள் யாவும் பதினான்காம் அகவையின் எல்லையில் நின்றுவிடுகின்றன. கேரளத்தில் உயர்நிலைப்பள்ளி என்பது 8, 9, 10ஆம் வகுப்புகள். எட்டாம் வகுப்பு முடியும்போது இச்சட்டத்தின் காவலும் முடிகிறது. தாய்மொழிவழிக் கற்பிக்க வசதி செய்யுமாறு கூறும் அரசமைப்பின் 350அ பிரிவும் தொடக்கக் கல்வியளவிலேயே நிற்கிறது. முதலாளியின் கடன் பன்னிரண்டில், அரசும் பெற்றோரும் ஏற்ற கடன் பதினான்கில், மொழிக்காப்பு அதற்கும் முன்னரே என ஒவ்வொன்றாக விலகும் இடத்தில்தான், மாணவர்க்குப் பாடச்சுமை மிகுகிறது. 2005 முதல் பத்தாம் வகுப்பில் தரநிலை முறை வந்தபின் எழுத்துத் தேர்வோடு தொடர்மதிப்பீடும் கணக்கிற் கொள்ளப்பட்டது. அன்றாட ஒப்படைப்புகளைத் தவறவிடாமை மதிப்பெண்ணாகவே மாறியது. 2024–25 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு எழுத்துத் தேர்வில் பாடந்தோறும் 30 விழுக்காடு குறைந்த அளவு மதிப்பெண் என்னும் முறையைக் கேரள அரசு புகுத்தி, எட்டாதவர்க்குக் கூடுதல் வகுப்பும் மறுதேர்வும் நடத்தியது. பிறர் கடன் குறையுமிடத்து மாணவர் பொறுப்பு கூடுகிறது. இவ்விரண்டும் ஒரே அகவையில் நிகழ்வது தற்செயலாயினும், அதன் விளைவு தற்செயலானதன்று.

கடன்களின் வரிசை: புறநானூறு 312

பல்லோரிடையே பகிர்ந்தமைந்த பொறுப்பைப் பற்றிய மிகத் தெளிவான பழந்தமிழ்ச் சிந்தனை பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடலில் (312) உள்ளது. ஓர் இளைஞன் உருவாவதற்கு ஐவர் ஆற்ற வேண்டிய கடன்களை ஒரு தாயின் கூற்றாக அப்பாடல் அடுக்குகிறது. பெற்று வளர்த்தல் தாய்க்கும், நற்பண்பினனாக ஆக்குதல் தந்தைக்கும், படைக்கலம் செய்துதருதல் கொல்லனுக்கும், நல்லொழுக்கத்தின்கண் நிறுத்துதல் வேந்தனுக்கும், களத்தில் வினைமுடித்து மீளுதல் இளைஞனுக்கும் உரியனவாகக் கூறப்படுகின்றன.

இப்பாடல் மறத்தின் பெருமை பேசுவதாகவே பெரிதும் விளக்கப்பட்டு வந்துள்ளது. அறவியல் நோக்கில் அணுகுவார்க்கு வேறு மூன்று செய்திகள் புலப்படும். முதலாவது, இளைஞனின் கடன் வரிசையில் இறுதியாக வைக்கப்பட்டிருத்தல். முன்னைய நான்கும் நிறைவேறிய பின்னரே ஐந்தாவது அவனிடம் எதிர்பார்க்கப்படுகிறது. இரண்டாவது, கொல்லன் இடம்பெற்றிருத்தல். குடும்பமும் அரசும் மட்டும் போதா. கருவி செய்து தருபவனும் கடன்பட்டவனே. வேலின்றிக் களம்புகுந்தவன் தோற்றால் அது அவன் மறத்தின் குறையன்று. மூன்றாவது, ஒருவர் கடனை மற்றவர் மேல் ஏற்றாமை. தாய் தன் கடனைச் சொல்லும்போதே பிறர் கடன்களையும் நினைவூட்டுகிறார். தான் ஒருத்தியே அனைத்தையும் தாங்குவதாகக் கூறவில்லை.

தேவிகுளத்து மாணவரின் நிலையில் இவ்வரிசையைப் பொருத்திப் பார்க்கலாம். உரிய நாளில் கையில் கிடைக்கும் தமிழ்வழிப் பாடநூல், மாலையில் படிக்க ஒளியும் இடமும், தொலைவிலுள்ள தோட்டத்திலிருந்து பள்ளி சேரப் பேருந்து, செய்ய வேண்டியவற்றைக் குறித்துக்கொள்ள நாட்குறிப்பேடு ஆகியன கொல்லன் தரும் வேலுக்கு நிகரானவை. பெற்றோர் பள்ளியோடு தம் மொழியிலேயே பேசுதற்குரிய ஏற்பாடு வேந்தன் கடன். கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் பகுதி அரசு அலுவலகங்களோடு தத்தம் மொழியிலேயே எழுத்துத் தொடர்பு கொள்ளவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் இடமளிக்கிறது. அலுவலகத்தில் ஏற்கப்பட்ட இந்நெறியைப் பள்ளிக்கும் பெற்றோர்க்கும் இடையிலான தொடர்புக்கும் விரித்தல் புதுமையன்று. இவையெல்லாம் நிறைவேறாத நிலையில் 'வினைமுடித்து மீளவில்லை' என மாணவரை வினவுதல் வரிசையைத் தலைகீழாக்குவதாகும்.

நன்னூல் உணர்த்தும் மாணாக்கன் கடன்

மேற்கூறியவற்றால் மாணவர்க்குப் பொறுப்பே இல்லை என்னும் முடிவு பெறப்படுமோ எனின், பெறப்படாது. தமிழ் இலக்கண மரபு மாணாக்கனைத் தாழ்த்தி எண்ணவில்லை. நன்னூல் பொதுப்பாயிரம் ஆசிரியர் இயல்பு, பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கர் இயல்பு, பாடங்கேட்கும் முறை ஆகியவற்றைத் தனித்தனியே வகுக்கிறது. பாடத்தைப் பேணல், கேட்டதை மீள எண்ணல், ஐயம் தெளிய ஆசிரியரை அணுகல், உடன்பயில்வாரோடு கலந்தாய்தல், வினவல், பிறர் வினாவுக்கு விடைகூறல் ஆகியவற்றை மாணாக்கன் தன் கடனாக ஏற்க வேண்டும் என்பது பவணந்தியார் கருத்து. கேட்ட பாடத்தைத் தவறவிடாது வைத்துக்கொள்ளல் இன்று வீட்டுப்பாடக் கணக்கு எனப்படுவதன் பழைய வடிவமே. அது ஐயத்துக்கிடமின்றி மாணாக்கன்பால் வைக்கப்பட்டுள்ளது.

ஆயினும் அந்நூலே கற்றலின் பங்கீட்டையும் அளந்து கூறுகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டாலும் காற்பங்கே கைகூடும். உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும் என்பது அதன் கணிப்பு. கற்றலின் பெரும்பகுதி மாணாக்கன் தன் முயற்சியாலும் தோழமையாலும் ஈட்டுவது என்பது இதனாற் பெறப்படும். இக்கணக்கில் பெற்றோர்க்குப் பங்கு கூறப்படாமை குறிப்பிடத்தக்கது. எழுத்தறியாப் பெற்றோரின் பிள்ளையும் முழுமையாகக் கற்றல் கூடும் என்னும் நம்பிக்கை அதில் உறைகிறது. அத்துடன் கொள்வோனின் நிலையறிந்து, அவன் உள்ளம் ஏற்குமாறு கோடாத மனத்தோடு கற்பித்தலை ஆசிரியரின் முறையாக நன்னூல் வகுப்பதும் நினைக்கத்தக்கது. மாணவர் வீட்டுச் சூழலை அறியாது அனைவர்க்கும் ஒரே ஒப்படைப்பு நாளை விதித்தல் கொள்வோன் நிலையறிதல் ஆகாது.

உடன்பயில்வார்க்கு நன்னூல் தரும் இடம் தேவிகுளத்துக்குத் தனிப்பயன் உடையது. லயம் என்பது வரிசை வீடு. ஒரு வரிசையில் பல மாணவர் உளர். வீட்டிற் கேட்டறிய ஆளில்லாத மாணவர்க்கு அடுத்த வீட்டுப் பத்தாம் வகுப்பு மாணவரே கேட்டறியத்தக்கவர். மூத்தவர் இளையவர் பாடத்தைக் கேட்டுத் திருத்தும்போது மூத்தவர்க்கு எடுத்துரைத்தலின் அரைப்பங்கும், இளையவர்க்குப் பயிறலின் காற்பங்கும் ஒருங்கே கிட்டுகின்றன.

தெரிந்து வினையாடல்

ஒருவரிடம் ஒரு செயலை ஒப்படைத்தலின் அறத்தைத் திருவள்ளுவர் அரசியலில் வைத்துப் பேசுகிறார். தெரிந்து வினையாடல் அதிகாரத்துக் குறள் (517) செயல், கருவி, செய்பவர் ஆகிய மூன்றையும் சேர ஆராய்ந்த பின்னரே ஒப்படைக்க வேண்டும் என உணர்த்துகிறது. அடுத்த குறள், தகுதி கண்டபின் அவரை அச்செயலுக்கு உரியவராகவே ஆக்கிவிட வேண்டும் என்கிறது. கருவி இன்றி ஒப்படைத்தல் ஒரு பிழை. கருவியும் தகுதியும் இருந்தும் ஒப்படைக்காது தானே வைத்துக்கொள்ளல் மற்றொரு பிழை. முன்னது தேவிகுளம் போன்ற இடங்களில் நிகழ்வது. பின்னது நகரங்களில், பிள்ளையின் பைக்குள் நாள்தோறும் கைவிட்டு நோக்கும் பெற்றோரிடமும் கைப்பேசிச் செய்தியாக வீட்டுப்பாடத்தைப் பெற்றோர்க்கு அனுப்பும் பள்ளிகளிலும் நிகழ்வது. பின்னதில் மாணவர் பதினைந்து அகவையிலும் தம் பாடம் யாது எனப் பெற்றோரிடம் கேட்பவராகிறார். இரண்டிடத்தும் பொறுப்பு மாணவரின் உடைமையாவதில்லை. ஓரிடத்தில் தண்டனையாகவும், மற்றோரிடத்தில் பிறர் வேலையாகவும் நிற்கிறது.

தந்தை மகனுக்குச் செய்யத்தக்க நன்மை, கற்றோர் அவையில் அவனை முன்னிற்கச் செய்தல் என்பது மக்கட்பேறு அதிகாரத்தின் கருத்து (67). முன்னிற்பவன் மகனே, தந்தை அவனுக்காக அவையில் அமர்வதில்லை. பெற்றோர் கடனின் எல்லையும் இதுவே.

இரு மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு எதிராக இரு மறுப்புகள் எழக்கூடும். சூழலைக் காரணமாகக் கூறத் தொடங்கினால் எளிய குடும்பத்துப் பிள்ளையிடம் எதையுமே எதிர்பார்க்க இயலாது. அவ்வாறு எதிர்பாராமை இரக்கத்தின் பெயரால் அப்பிள்ளையை இழிவுபடுத்துவதாகும் என்பது முதல் மறுப்பு. இது வலிமையானது. தோட்டத்துப் பிள்ளைக்கு இது போதும் எனக் குறைத்து மதிப்பிடும் மனப்பான்மை, அடிக்கும் கோலினும் மிகுதியாகக் கெடுப்பது. ஆயின் எதிர்பார்ப்பைக் குறைத்தல் வேறு. குற்றஞ்சாட்டுமுன் தம் கடனை எண்ணிப் பார்த்தல் வேறு. மாணவரிடம் முழுமையாக எதிர்பார்க்கவும், அவ்வெதிர்பார்ப்பு நிறைவேறத் தாம் செய்ய வேண்டியதை முழுமையாகச் செய்யவும் ஆசிரியர்க்கு ஒருசேர இயலும். பாடத்தைக் கொண்டுவராத மாணவரிடம் 'ஏன் செய்யவில்லை?' என்று கேட்பவரும் 'எங்கே தடைப்பட்டாய்?' என்று கேட்பவரும் ஒரே அளவு எதிர்பார்ப்பு உடையவரே. இரண்டாமவர் விடையைக் கேட்க ஆயத்தமாக இருக்கிறார் என்பதே வேறுபாடு.

பலர் பொறுப்பு என்பது எவர் பொறுப்பும் ஆகாது போய்விடும் என்பது இரண்டாம் மறுப்பு. பள்ளி பெற்றோரையும், பெற்றோர் பள்ளியையும், இருவரும் அரசையும் சுட்டும் நிலை நாள்தோறும் காணப்படுவதே. அமெரிக்க அறவியலார் ஐரிஸ் மரியன் யங், மறைவுக்குப்பின் 2011இல் வெளிவந்த 'நீதிக்கான பொறுப்பு' என்னும் நூலில் இச்சிக்கலுக்கு ஒரு தெளிவு தருகிறார். நடந்த தீங்குக்குக் குற்றவாளியைத் தேடும் பொறுப்பு ஒருவகை. ஓர் அமைப்பில் பங்குகொள்வோர் அனைவரும் அதன் தீய விளைவை மாற்றத் தத்தம் ஆற்றலுக்கேற்ப முன்னோக்கிச் செயற்படும் பொறுப்பு மற்றொருவகை. பின்னதிற் குற்றஞ்சாட்டல் இல்லை. விலகி நிற்கவும் இடமில்லை. பொன்முடியாரின் பாடலில் ஐவர்க்கும் வெவ்வேறு கடன் பெயர்சுட்டி வகுக்கப்பட்டிருத்தலை இதனோடு ஒப்பிடலாம். கடன்கள் பலர்க்கு உரியனவாயினும் ஒவ்வொன்றும் ஒருவர்க்கே உரியது. அவ்வாறு வகுக்கப்பட்டால் பலர் பொறுப்பு எவர் பொறுப்பும் ஆகாது என்னும் அச்சம் நீங்கும்.

கணக்கு யார் கையில்

இறுதியாக நோக்க வேண்டியது, பாடக்கணக்கை மாணவர் தாமே வைத்திருத்தல் ஏன் விரும்பத்தக்கது என்பதாகும். மதிப்பெண்ணுக்காக என்பது எளிய விடை. தோட்ட வாழ்வு அதனினும் ஆழ்ந்த விடையைத் தருகிறது. கொழுந்து பறிப்பவர் ஒருவர். எடையைக் குறிப்பவர் மற்றொருவர். வருகை, எடை, கழிவு, கூலி ஆகிய அனைத்தும் பிறர் கையெழுத்தில் உள்ளன. நாள் முழுதும் உழைத்தவர் தம் உழைப்பின் அளவைப் பிறர் சொல்லக் கேட்டறியும் நிலை தலைமுறைகளாகத் தொடர்ந்தது. 2015 செப்டம்பரில், மிகையூதியம் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து 20 விழுக்காடு கோரி மூணாற்றில் பெண்கள் திரண்டு, 'பெண்கள் ஒற்றுமை' எனப் பொருள்படும் 'பொம்பிளை ஒருமை' என்னும் பெயரில் நிகழ்த்திய போராட்டத்தின் சிறப்பு, தொழிற்சங்கத் தலைவர் எவரையும் முன்னிறுத்தாது தம் உழைப்பின் கணக்கைத் தாமே பேசியதிலேயே உள்ளது.

அத்தாயரின் பிள்ளைகள் கையிலுள்ள நாட்குறிப்பேட்டை இப்பின்னணியில் நோக்க வேண்டும். இன்று செய்தது யாது, எஞ்சியது யாது, நாளை யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று ஒரு மாணவர் தம் மொழியில், தம் கையெழுத்தில் குறித்துக்கொள்ளுதல், தம் உழைப்பின் கணக்கைத் தாமே வைத்திருக்கும் உரிமையின் முதற்படி. நாளை அவர் கூலிச்சீட்டையோ, வங்கிக் கணக்கையோ, அரசாணையையோ படித்து வினவப்போவது இப்பழக்கத்தின் வலிமையினால்தான். ஆகவே பாடப்பொறுப்பை மாணவர்மேல் சுமத்தப்படும் சுமையாக மட்டும் காணுதல் பொருந்தாது. அவர்க்குச் சேர வேண்டிய உடைமையாகக் காணுதல் வேண்டும். உடைமையாயின் அதனை உரிய காலத்தில் உரியவரிடம் சேர்ப்பிக்கும் கடன் மற்றவர்க்கு உண்டு. சேர்ப்பிக்காது வைத்துக்கொண்டு, 'உன்னிடம் இல்லையே' எனப் பழித்தல் முறையன்று.

சேர்ப்பித்தலும் ஒரே நாளில் நிகழ்வதன்று. எட்டாம் வகுப்பில் ஆசிரியர் மாணவரோடு உடனிருந்து குறிப்பேட்டை எழுதச்செய்து, ஒன்பதாம் வகுப்பில் கிழமைக்கு ஒருமுறை நோக்கி, பத்தாம் வகுப்பில் கேட்டால் மட்டும் துணைசெய்து படிப்படியே கைவிலக்குதல் வேண்டும். பெற்றோர் பாடம் அறியாராயினும், நாளின் ஒரு நாழிகை வீட்டு வேலையிலிருந்து பிள்ளையை விடுவித்து 'இன்று என்ன எழுதினாய்?' எனக் கேட்டல் இயலும். அக்கேள்விக்கு எழுத்தறிவு வேண்டுவதில்லை. ஆனால் அந்நாழிகையை ஒதுக்கத் தாய்க்கு ஓய்வு வேண்டும். ஓய்வு வேலைநேரத்தையும் கூலியையும் பொறுத்தது. வீட்டுப்பாடம் பற்றிய வினா தோட்டத்தின் கூலி பற்றிய வினாவில் சென்று முடிவது இவ்வாறே.

முடிவுரை

உயர்நிலைப்பள்ளி மாணவர் தம் பாடத்தைத் தாமே கணக்கில் வைத்து முடித்தல் அவருடைய பொறுப்பே என்பது நன்னூலாற் பெறப்படுகிறது. அப்பொறுப்பு, பிறர் தத்தம் கடனை ஆற்றிய பின்னரே வினவத்தக்கது என்பதைப் புறநானூற்றுப் பாடலின் வரிசை உணர்த்துகிறது. கருவி நோக்காது ஒப்படைத்தலும், ஒப்படைக்காது வைத்துக்கொள்ளலும் ஒருசேரப் பிழை என்பது திருக்குறளால் தெளிவாகிறது. பன்னிரண்டிலும் பதினான்கிலும் நின்றுவிடும் சட்டக் கடமைகளைப் பத்தாம் வகுப்பு நிறைவுறும்வரை நீட்டுதலும், பெற்றோர்க்கான பள்ளித் தொடர்பைத் தமிழில் அமைத்தலும், லயந்தோறும் உடன்பயிலும் குழுக்களை ஊக்குதலும் தேவிகுளம் போன்ற பகுதிகளுக்கு உடனடித் தேவைகளாகும்.

பொன்முடியாரின் பாடலில் தாய் தன் கடனைத் தானே முதலிற் சொல்கிறார்; பிறர் கடனைப் பின்னரே சொல்கிறார். பாடம் எழுதாத மாணவர்முன் நிற்கும் ஆசிரியர்க்கும், பெற்றோர்க்கும், நிர்வாகத்துக்கும், அரசுக்கும் அவ்வரிசையே பொருந்தும்.